இசக்கிதுரை சொன்ன ‘ஆட்டும்’

குற்றாலத்து மலைச்சரிவில் இசக்கிதுரைக்குக் கிராம்புத் தோட்டம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டம் என்னுடையது. அவனைப் போல வாய்த்துடுக்கு உள்ளவனை இந்தச் சரிவில் காண முடியாது. குரங்கிடம்கூடச் சண்டை போடுவான். அப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு நாள் மரியாதையாகப் பேசினான். அதற்குத்தான் இவ்வளவும் அனுபவிக்கிறோம்.

கிராம்பு என்பது மொட்டு. விரியும் முன்னால் மரமேறிப் பறித்துக் காயவைத்தால்தான் காசு. விரிந்துவிட்டால் கடைக்காரன் தொட மாட்டான். மரமோ உயரம், கிளையோ முருங்கை மாதிரி முறியும். ஏறத் தெரிந்தவனுக்குக் கேட்ட கூலியைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தும் ஏதோ மிஞ்சியது, வெளிநாட்டுக் கிராம்புக்கு அரசாங்கம் நல்ல வரி போட்டிருந்தவரை.

பிறகு இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம் பேசினார்கள். நம் மருந்தும் மோட்டாரும் அங்கே போக வேண்டுமாம். அதற்கு ஈடாக அவர்கள் சரக்கை வரி குறைத்து உள்ளே விட வேண்டுமாம். எதை விடலாம் என்று டெல்லியில் பேசும்போது மோட்டார் கம்பெனிக்காரன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கிராம்புக்காரன் மரத்தின் மேல் இருப்பான்.

கேட்டோம் என்று பேருக்காவது இருக்க வேண்டுமே! தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்கக் கூட்டம் வைத்தார்கள். வந்த அதிகாரி சென்னைக்காரர், சிரித்த முகம். வரியைக் குறைத்தால் பறிகூலிக்கே கட்டாது என்று இசக்கிதுரை எழுந்து விளக்கமாகச் சொன்னான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, “நாட்டுக்காக நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், சரிங்களா?” என்றார்.

இசக்கிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “ஆட்டும் சார்” என்றான்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் “ஆட்டும்” என்று எழுந்தால், பெண் வீட்டார் அடுத்த இடம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பேசியது போதும், கிளம்புகிறேன் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மனமில்லாதவர்களின் சொல் அது. அதிகாரிக்கோ அது ‘ஆகட்டும்’. உடனே மைக்கைப் பிடித்து, தென்காசி விவசாயிகள் பெருந்தன்மையோடு சம்மதித்துவிட்டார்கள் என்று நன்றி சொன்னார். நாங்கள் மறுப்பதற்குள் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அசையாமல் நின்றோம்.

வரி குறைந்தது. கப்பலில் வந்த கிராம்பு இங்கேயே கடைகளில் ‘குற்றாலம் கிராம்பு’ என்று விற்றது. இசக்கிதுரையின் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். பறிக்க ஆள் விட்டால் கையிலிருந்துதான் போட வேண்டும் என்றாள் அவன் மனைவி செண்பகவல்லி. இந்த வருஷம் பறிக்காமலே விட்டார்கள். மொட்டெல்லாம் விரிந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாசியில் அதே அதிகாரி தோட்டம் பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்து, பூவெல்லாம் என்ன அழகு என்று செல்போனில் படம் எடுத்தார். செண்பகவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது.

ஊடே நிற்கும் ஜாதிக்காய் மரங்கள்தான் இப்போது அவர்களுக்குச் சோறு. அதிகாரி அதையும் தடவிப் பார்த்தார். அடுத்த பேச்சுவார்த்தையில் ஜாதிக்காயும் வருகிறது, போன தடவை மாதிரியே ஒத்துழைக்க வேண்டும், சரிங்களா என்றார்.

இசக்கிதுரையின் கை தோள் துண்டுக்குப் போனது. பழக்கதோஷத்தில் ‘ஆட்டும்’ சொல்லிவிடுவானோ என்று நான் ஓரடி முன்னால் போனேன். அவன் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டான்.

“முடியாது” என்றான்.

அன்றைக்கு ஆகட்டும் என்றீர்களே என்று அவர் சிரித்தார்.

“அன்னைக்குக் குடுத்தது மரியாதை சார். அத நீங்க சம்மதம்னு அள்ளிட்டுப் போயிட்டிய. இனி எங்கிட்ட மிச்சம் இல்ல.”