வியாழக்கிழமை அல்லாத தேதிகள்

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களில் கண் அறுவை செய்துகொண்டவர்களை மறுபரிசோதனைக்குக் கூப்பிடும் வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. புதுச்சேரி மருத்துவமனையின் வேன் எங்கள் ஊருக்கு வியாழக்கிழமைகளில் மட்டும் வரும். யார் எந்த வியாழன் வர வேண்டும் என்று எனக்குச் செய்தி அனுப்புவார்கள். நோயாளிகளிடம் தேதி சொல்லாமல், “ஒரு மாதத்தில் சார் கூப்பிடுவார், அதுவரை சொட்டு மருந்து விடுங்கள்” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

தேதிகளை நம் வழக்கப்படி புள்ளி வைத்து, 7.3 என்று ஆண்டோடு சேர்த்து, எக்செல்லில் அடித்தேன். அது அவற்றைத் தேதியாகவே ஏற்கவில்லை. எல்லாப் புள்ளிகளையும் ஒரே கட்டளையில் சாய்கோடாக்கி, மாதத்தைப் பெயரில் காட்டச் செய்தேன். பல தேதிகள் உடனே பணிந்தன. பன்னிரண்டுக்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் அடம்பிடித்தன. அவற்றைக் கையால் திருத்தினேன். வகுப்பில் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டவன், அன்று கேட்கவில்லை.

ஏப்ரலில், உப்பு வாரும் பெண் ஒருத்தி கடைத்தெருவில் என்னை நிறுத்தினாள். அறுவை செய்த வலக்கண் சிவந்திருந்தது.

“ஏன் சார், கூப்புடவே இல்லியே. கம்ப்யூட்டர்லேர்ந்து என்னைத் தூக்கிட்டீங்களா?”

கைப்பேசியில் ஷீட்டைத் திறந்து பார்த்தேன். “உனக்கு ஜூலை மூணும்மா.”

“ஒரு மாசம்னாங்களே. அதுவரைக்கும் சொட்டு மருந்து உட்டுக்கினே இருக்கணுமா? கண்ணு பொகையா இருக்குது.”

“ஷீட்ல அப்படித்தான் இருக்குது. தப்பா இருக்காது.”

“படிச்சவங்க சொன்னா சரி” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளைத் திருப்பி அனுப்பியவன் நான்.

வீட்டுக்கு நடக்கையில்தான் உறைத்தது. அறுவை நடந்தது பிப்ரவரியில். ஒரு மாதத்துப் பரிசோதனை எப்படி ஜூலையில் வரும்? லேப்டாப் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் படித்திருந்தது. மார்ச் ஏழு ஜூலை மூன்றாகிவிட்டது. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அடம்பிடித்தவை தப்பின. பணிந்தவைதான் பிழை.

உடனே ஆட்டோவில் உப்பளத்துக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்கு விரைந்தேன். மருந்தை மார்ச்சிலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். தொடர்ந்து விட்டதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. அழுத்தம் இறங்கிய பிறகே எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று சொல்ல முடியுமாம்.

திரும்பும் வழியில், கூனிமேடு தாண்டும்போது சொன்னேன்: “தப்பு டாக்டருது இல்லம்மா. தேதியைக் கெடுத்தது நான்.”

அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “அப்போ மத்தவங்க?”

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். லேப்டாப்பை இந்திய முறைக்கு மாற்றினேன். ஏற்கெனவே புரண்ட தேதிகள் அதனால் திரும்பவில்லை. ஷீட்டில் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு தேதிக்கும் கிழமையைக் கேட்டேன். வேன் வருவது வியாழன் மட்டும்தானே; செவ்வாய், ஞாயிறு என்று வந்தவையெல்லாம் என் கைவரிசை. நாளையும் மாதத்தையும் இடம் மாற்ற, ஒவ்வொன்றாக வியாழனுக்குத் திரும்பின. தவறான தேதியும் தற்செயலாக வியாழனில் விழலாம். அதனால் மருத்துவமனைச் செய்திகளைத் தோண்டியெடுத்து, பெயர் பெயராக மறுபடி ஒத்துப் பார்த்தேன்.

நாள் கடந்துபோனவர்களின் வீடுகளுக்கு நேரில் போய்க் காரணத்தையும் சொன்னேன். “வாத்தியாரே தப்பு பண்ணா நாங்க எங்க போறது?” என்றார் ஒருவர். நின்று கேட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை.

சில வாரங்களில் அவளுக்கு அழுத்தம் இறங்கியது. வேன் பக்கத்தில் நின்று இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள்.

“உப்புக் குவியலு தெரியுது சார். கிட்ட நிக்கிறது யாருன்னு தெரியல.”

இனி அந்தக் கண்ணுக்கு முகம் தெரியாது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளிடமும் மறைக்காமல் சொன்னேன்.

“அடுத்தது எப்போ? நீங்க கூப்புட வேணாம், இப்பவே சொல்லுங்க. கிழமையோட சொல்லுங்க.”

நாள், மாதத்தின் பெயர், வியாழக்கிழமை என்று சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.