பை தைக்கிறவர்

கைகள் வெள்ளைக் காடாத் துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் நகத்தை ஓட்டி, சுண்ணக்கட்டியால் ஒரு வளைவு போட்டன. பாதி மாதுளம்பழம் போன்ற வளைவு. கத்திரி கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டே போனது. இரண்டு துண்டுகளையும் சேர்த்து அடித்தபின், தையல் உள்ளே உரசாமலிருக்க அதன்மேல் ஒரு மல் துணிப் பட்டை வைத்து மறுபடி அடித்தன. திருப்பினால், உள்ளங்கையில் உட்காரும் ஒரு பை. மேலே இடுப்புக்கு ஒரு நாடா. கீழே தொடைகளைச் சுற்றிப் பின்னால் போய் இடுப்பில் முடிய இரண்டு நாடா.

இந்தப் பையைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. டன்லப் தெருவில், கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் சிங்கர் மிஷின் போட்டிருந்த சேதுபதியிடம் குனிந்து, "அண்ணே, ஒரு பை வேணும்" என்பார்கள். அவர் சட்டைத் துணியை ஒதுக்கிவிட்டு, உள்ளே திரை போட்ட மூலையைக் கண்ணால் காட்டுவார்.

வந்தவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். விதைப்பையில் நீர் கோத்து வீங்கியிருக்கும். ஓதம் என்பார்கள். தாங்குவதற்கு ஒன்று இல்லாவிட்டால் நடக்க முடியாது. சேதுபதிக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடையில் பட்டாளத்து ஆஸ்பத்திரிப் பை ஒன்று கிடைத்தது. அதைத் தையல் தையலாகப் பிரித்து, காகிதத்தில் வரைந்து, ஆறு பை வீணாக்கி ஏழாவதில் பிடித்துக்கொண்டார். காலையில் அளவு எடுக்க மாட்டார். "பொழுது சாய வாங்க. நாள் முழுக்க நின்ன உடம்புதான் நெசமான அளவு சொல்லும்" என்பார். எடுத்ததை நீல அட்டை நோட்டில் பெயரோடு எழுதி வைப்பார்.

அந்த நோட்டில் அழகப்பன் என்ற பெயருக்கு எதிரே பதினான்கு அங்குலம் என்று இருந்தது. அழகப்பனுக்கு ஐந்து பிள்ளைகள்.

சேதுபதிக்குப் பிள்ளை இல்லை. 1951இல் கமலாவைக் கட்டினார். இப்போது 1958. ஏழு வருடத்தில் கமலா இருக்காத விரதம் இல்லை. வீரமாகாளியம்மன் கோயிலை வெள்ளிதோறும் சுற்றினாள். யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் பின்வரிசையில் உட்கார்ந்து, வளையல் போட யாரும் கூப்பிடாமல் எழுந்து வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் பெண்கள் ஆஸ்பத்திரியில் சோதித்து, அவளிடம் குறையில்லை, கணவரைக் காட்டச் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். சேதுபதி அதைப் படித்து நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

தனக்குக் குறை இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. அதற்கு அவரிடம் கணக்கு இருந்தது. மாலையில் அவருக்கு விதைப்பையின் இடது பக்கம் மட்டும் சற்றுத் தொங்கி, தொட்டால் நூல்கண்டு குலைந்தது போல மெத்தென்று இருக்கும். படுத்தால் மறைந்துவிடும். வலியில்லை. டேப் வைக்கக்கூட லாயக்கில்லாத அளவு. பதினான்கு அங்குலக்காரனுக்கே ஐந்து பிள்ளை என்றால் இது என்ன செய்துவிடும்?

அவருடைய அக்காள் ரத்தினம்மாவுக்கும் தம்பியிடம் குறை இல்லை என்ற எண்ணம்தான். அவள் புக்கிட் மேராவிலிருந்து பஸ் பிடித்து வந்து, கமலா காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"செம்பவாங்குல ஒரு பொண்ணு பார்த்திருக்கேன். அப்பன் நேவல் பேஸ்ல வேலை. ரெண்டாந்தாரமா இருந்தாலும் பரவால்லன்னுட்டான். தை பொறந்ததும் முடிச்சுடலாம். கமலாவும் இங்கனயே இருக்கட்டும், யார் வேணாங்கறா?"

கமலா காப்பியை அவள் முன்னால் வைத்தாள். "சூடா இருக்கு அண்ணி, பார்த்துக் குடிங்க" என்று மட்டும் சொன்னாள். சேதுபதி தன் காப்பியை எடுத்துக் குடித்தார்.

ஆவணியில் அழகப்பன் ஓதத்துக்கு அறுவை செய்துகொண்டான். ஒரு மாதம் கழித்து, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி கடைக்கு வந்தான்.

"அண்ணே, உன் பை இனிமே எனக்குப் பெருசு லா! பாதிக்கு மேல காத்துதான் இருக்கு."

"நாலு ரூபாத் துணி. உன் கடைசிப் பயலுக்குத் தொப்பியாப் போடு."

"சிரிக்க வைக்காதய்யா, தையல் வலிக்குது. டாக்டர் உன்னைக் கூப்பிடறாரு. ஆஸ்பத்திரிப் பை தொடையை அறுக்குதாம். இதை யார் தச்சான்னு கேட்டாரு."

சேதுபதி மூன்று மாதிரிகளைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் சீனர், வயது நாற்பது இருக்கும். பையைத் திருப்பி, உள் தையலில் விரலை ஓட்டிப் பார்த்தார். அருகில் நின்று தமிழில் சொன்னவர், காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் மருதப்பன். இருபது பை வேண்டும், ஆனால் அதில் எட்டு சின்னதாக, இடது பக்கம் மட்டும் ஆழமாக இருக்க வேண்டும் என்றார்.

"எடது பக்கம் மட்டும் எதுக்குங்க?"

டாக்டர் ஒரு காகிதத்தில் பென்சிலால் வரைந்தார். விதைக்கு மேலே நெளிநெளியாகக் கோடுகள். மருதப்பன் சொன்னார்: "இது ரத்தக் கொழா. உள்ள தடுப்பு சரியில்லாம ரத்தம் மேல போகாமத் தேங்கி, புழுக்கூட்டம் மாதிரி பொடைச்சுக்குது. பெரும்பாலும் எடது பக்கந்தான் வரும். நின்னா தெரியும், படுத்தா மறைஞ்சிடும்."

சேதுபதி அந்தக் கோடுகளையே பார்த்தார். "இது சின்னதாச்சே" என்றார். "இதுக்கு எதுக்கு ஆப்பரேசன்?"

"புள்ளை இல்லாதவங்களுக்குச் செஞ்சு பார்க்கறாங்க."

"அழகப்பனுக்கு எவ்வளவு பெருசு! அஞ்சு புள்ளை பெத்திருக்கானே?"

மருதப்பன் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நிதானமாக விளக்கினார். ஓதத்தில் இருப்பது வெளியே சுற்றி நிற்கும் நீர். எவ்வளவு பெரிதானாலும் உள்ளே விதை பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இதில் தேங்குவது சூடான ரத்தம். விதை உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டிய பொருள், அதனால்தான் வெளியே தொங்குகிறது. சூடு ஏறினால் விந்தணு குறைந்துபோகலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, இது இருந்தும் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். சோதித்தால்தான் தெரியும்.

கரி இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவனைச் சேதுபதி எத்தனை முறை திட்டியிருக்கிறார்! தொட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே பட்டு பொசுங்கும்.

மாதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நோட்டிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக் கமலா முன்னால் வைத்தார்.

"நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் காட்டப் போறேன். எனக்கு எடது பக்கம் ஒரு கோளாறு இருக்கு கமலா. ரொம்ப நாளாவே இருக்கு. சின்னதுன்னு விட்டுட்டேன்."

கமலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "சீட்டு நோட்டுக்குள்ள இருக்கறது தெரியும். நோட்டைத் தொடைக்கும்போதெல்லாம் பார்ப்பேன். நீங்களா எடுப்பீங்கன்னு வச்சிருந்தேன்."

"திட்டேன்."

"மூணு வருசம் திட்டணும். இப்ப ஒலை வைக்கணும்."

விந்துச் சோதனைக்கு மருதப்பன் ஒரு கண்ணாடிப் புட்டி கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள், சூடு ஆறாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவர வேண்டும். சைக்கிள் ரிக்‌ஷாவில் மார்பைப் பிடித்தபடி, "சீக்கிரம் போப்பா" என்ற சேதுபதியைப் பார்த்து, நெஞ்சுவலி என்று நினைத்து ரிக்‌ஷாக்காரர் பறந்தார். முடிவு வந்தது. விந்தணு, இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான். அதிலும் பாதி நகரவில்லை.

அறுவைக்கு முந்தின ஞாயிறு ரத்தினம்மா வந்தாள். செம்பவாங் பெண்ணின் அப்பா நாள் குறிக்கச் சொல்கிறாராம்.

"வேணாங்க்கா. கொறை எங்கிட்ட. டாக்டர் எண்ணிப் பார்த்துட்டாரு. புதன்கெழமை ஆப்பரேசன்."

"வாயை மூடுடா! ஆம்பளை சொல்ற பேச்சா இது? கீழ் வீட்டுக்காரன் காதுல விழப்போவுது."

"விழட்டும். ஏழு வருசமா இவளைப் பத்திப் பேசினது விழுந்துச்சுல்ல? ஊருக்கெல்லாம் அளவு எடுத்தவன் நான். எனக்குத் தப்பா எடுத்துட்டேன்."

ரத்தினம்மா கமலாவைப் பார்த்தாள். கமலா கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை. ரத்தினம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "புதன்கெழமை எத்தனை மணிக்கு? கஞ்சி யார் கொண்டுபோவா?" என்றாள்.

அறுவை மேசையில் சேதுபதி கேட்டது ஒன்றே ஒன்று: "எந்த நூல்ல கட்டுவீங்க?" பட்டு நூல் என்றார் மருதப்பன். "எத்தனை இழை?" என்பதற்குள் மயக்கம் வந்துவிட்டது. அடிவயிற்றோரம் ஒரு சின்ன வெட்டு. புடைத்த குழாய்களைக் கட்டி அறுத்தார்கள். ஒரு வாரத்தில், தானே தைத்த சின்னப் பையோடு வீடு திரும்பினார். அப்போதுதான் வலது நாடா கால் அங்குலம் நீளம் என்பது அவருக்குத் தெரிந்தது. மீதிப் பைகளில் திருத்தினார்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும், தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றாம் மாதம் எண்ணிக்கை இரண்டு மடங்கு. ஆறாம் மாதம் இன்னும் கொஞ்சம் கூடியது. இதற்குள் தை வந்து போயிருந்தது. செம்பவாங் பெண்ணுக்கு ஜொகூரில் நல்ல இடம் அமைந்தது. பிறகு இருவரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். 1959 ஐப்பசியில் ஒரு காலை, தோசை மாவு வாசனை பிடிக்கவில்லை என்று கமலா அடுப்படியை விட்டு எழுந்து ஓடினாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. முதல் வளையல் தான்தான் போடுவேன் என்று ரத்தினம்மா சொல்லி அனுப்பினாள். சேதுபதி அதுவரை ரவிக்கை தைத்ததில்லை. பச்சைப் பட்டுத் துண்டு வாங்கி, கமலாவின் பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, காகிதத்தில் வரைந்து, மூன்று நாள் தைத்தார். இஸ்திரிப் பெட்டியைக் கடையின் மறுகோடியில் வைத்தார்.

விழாவன்று காலை கமலா திரைக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினாள்.

"பத்தலன்னா என்ன பண்றது? நேத்துக்கு இன்னிக்கு ஊதிக் கெடக்கேன்."

"ரெண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ள விட்டிருக்கேன். பிரிச்சுக்கலாம்."

"அளவு எப்ப எடுத்தீங்க?"

"நாலு நாளைக்கு முன்ன, சாயந்திரம், கண்ணாலயே. நீ நின்னுக்கிட்டிருக்கும்போது."

நூல் முனையைப் பல்லால் கடித்து அறுத்து, ரவிக்கையை மடித்து, அந்தக் கையில் வைத்தார்.