மாமியார் அடுப்பில் ஒரு பானை சக்கலக்கா

வேலாபியைப் பார்த்தால் சமைக்கத் தெரிந்தவன் என்று எவனும் சொல்ல மாட்டான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த கைகள். டேவிடனில் இருக்கிற என் சைலன்சர் பட்டறைக்கு வேலை கேட்டு வந்த அன்றைக்கு நேராக உள்ளே நுழைந்தான். மூலையில் கிடந்த ஓட்டைக் குழாயை எடுத்தான், ஒட்டினான், என் முன்னால் வைத்தான். தட்டிப் பார்த்தேன். நாளைக்கு வா என்றேன்.

அவன் வளர்ந்தது தொழிலாளிகள் தங்கும் ஹாஸ்டலில், மாமாவோடு. இரும்பு உருக்கும் ஆலையிலிருந்து ஆட்கள் திரும்பும்போது சோளக் களியும், அதற்குத் தொட்டுக்கொள்ளக் காரசாரமான காய்கறிச் சக்கலக்காவும் தயாராக இருக்க வேண்டும். முதலில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவன், மீசை முளைப்பதற்குள் பானைக்கே அதிகாரி ஆகிவிட்டான். "காரம் கம்மியா இருந்தா பூட்ஸ் பறந்து வரும்ணே" என்பான்.

அவன் லிந்திவேயைக் கட்டியபோது பெண் வீட்டுக்குத் தூது போனவன் நான்தான். கல்யாணத்தோடு அந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. எங்கள் ஆட்களில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடாது. அவர் இருக்கிற அறையில் உட்காரக்கூடாது, அவர் கண்ணெதிரே சாப்பிடக்கூடாது. மருமகன் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்து, மாமியாரும் மனம் வந்து அதை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கிற வரைக்கும் அப்படித்தான். சில பேர் ஒரே மாதத்தில் திறந்துவிடுவார்கள். லிந்திவேயின் அம்மா மாகுபேகா திறக்கவில்லை. வேலாபி கம்பளி அனுப்பினான், திரும்பி வந்தது. கெட்டில் அனுப்பினான். "அந்தக் கரிமூஞ்சிகிட்ட சொல்லு, எங்க வீட்டுல தண்ணி கொதிக்குது" என்று அதையும் என் கையிலேயே கொடுத்து அனுப்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை காலையில் லிந்திவே போன் செய்தாள்.

"மாமா, சீக்கிரம் வாங்க. அம்மா குழாயடியில வழுக்கி விழுந்து கையில மாவுக்கட்டு. இன்னிக்கு மதியம் சர்ச் சங்கம் எங்க வீட்டுல. பொம்பளைங்க எல்லாரும் வராங்க. சமைக்க ஆள் இல்ல."

"நீ எங்கே போனே?"

"வெங்காயத்தைப் பாத்தாலே எனக்குக் குமட்டுது மாமா." அவளுக்கு ஏழாம் மாதம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

வேலாபியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவனைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனால், மாகுபேகா கட்டுப் போட்ட கையோடு கூண்டுச் சிங்கம் மாதிரி நடந்துகொண்டிருந்தார். முதல் முறையாகச் சங்கம் அவர் வீட்டுக்கு வருகிறது. போன மாதம் சங்கத்துக்காரி மாசிபிசி தன் வீட்டில் போட்ட சாப்பாட்டை ஊரே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

"பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடலாமே?" என்றேன்.

"பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் சங்கம்தான். ஒருத்திகிட்ட சொன்னா தெரு பூரா தெரிஞ்சிடும்."

"கடையில டப்பா சக்கலக்கா விக்கிறானே..."

அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, சமைக்கத் தெரிந்த ஆள் வாசலில் என் வண்டியில் இருக்கிறான் என்றேன்.

மாகுபேகா மறுபடி இரண்டு தடவை அறையைச் சுற்றினார். மாமியார் அடுப்பில் மருமகன் நிற்கிறான் என்று தெரிந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் தெரு சிரிக்கும். சங்கத்துப் பெண்களுக்குச் சாப்பாடு இல்லையென்றாலும் சிரிக்கும்.

"சமையக்கட்டு வழியா வரச் சொல்லு" என்றார் கடைசியில். "அவங்க வர்றதுக்குள்ள பானையை இறக்கிட்டு ஓடிடணும். எவளாவது பாத்தா, ஸ்வானே, உன்னை உயிரோட விட மாட்டேன்."

வேலாபி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். மாகுபேகா தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நடுவில் நிலைப்படியில் நான். லிந்திவே மூக்கைப் பொத்திக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் போய்விட்டாள்.

ஆரம்பித்தான் பாருங்கள்! பட்டறையில் அவன் வேகத்தைப் பார்த்திருக்கிறேன், இது வேறு வேகம். வெங்காயம் கத்திக்கடியில் மழை மாதிரி கொட்டியது. பெரிய பானையில் எண்ணெய் காய்ந்தது. கேரட்டையும் துருவியையும் கையில் எடுத்தான்.

"அந்த ஆளுகிட்ட சொல்லு, சன்னப் பக்கம் துருவணும்."

"வேலா, சன்னப் பக்கமாம்."

"சன்னமா துருவுனா கூழாப் போயிடும்னு சொல்லுங்கண்ணே."

"கூழாப் போயிடுமாம்."

"முப்பது வருஷமா கூழாப் போகாதது இவன் வந்ததும் போயிடுமா? சன்னப் பக்கம்!"

வேலாபி என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பெரிய பக்கத்திலேயே தேய்த்தான்.

"சத்தம் மாறலையே!" நாற்காலி அதிர்ந்தது. "ஸ்வானே, எனக்குக் கைதான் ஒடஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு!"

வெங்காயம் சிவக்க, பூண்டும் இஞ்சியும் பச்சை மிளகாயும் விழுந்தன. டர்பன் கறித்தூளை அவன் கையால் அள்ளிப் போட்டதும் வீடே தும்மியது. நான் தும்ம, அவர் தும்ம, வெளியே கோழிகள் கத்தின. குடைமிளகாய், கேரட், கோஸ், தக்காளி என்று ஒவ்வொன்றும் விழ விழப் பானை சீறியது. எனக்கு எச்சில் ஊறி நிற்க முடியவில்லை.

மாகுபேகாவின் நல்ல கை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நீண்டது. கரண்டியை அதில் வைத்தேன். ருசி பார்க்கிற சத்தம் கேட்டது.

"உப்பு யாரு போட்டா?"

"அவன்தான்."

"ம்."

லிந்திவேக்குப் பரிசமாக எத்தனை மாடு என்று கணக்குப் பேசியபோது இந்தப் பெண்மணியோடு இரண்டு நாள் உட்கார்ந்து மல்லுக்கட்டியவன் நான். இப்படி ஒரு 'ம்' அவரிடமிருந்து வந்ததே இல்லை. வேலாபியைப் பார்த்தேன். அவனுக்கும் கேட்டுவிட்டது. காது வரைக்கும் சிரித்துக்கொண்டே பீன்ஸ் டப்பாக்களை மளமளவென்று திறந்தான். அடுப்பை அணைத்துவிட்டுத் தக்காளிச் சாற்றோடு கவிழ்த்தான்.

"பீன்ஸ் போட்டாச்சா? இப்ப ரெண்டு கரண்டி சக்கரை போடச் சொல்லு."

"சக்கரை வேணாம்ணே. பீன்ஸ் டப்பாவிலயே இனிப்பு இருக்கு."

"இனிப்பு இருக்காம், அதனால..."

"எனக்குக் கேட்டுச்சு! என் வீட்டுப் பானைல என் சக்கரை போடணும்னு சொல்லு!"

"பானை அவங்களுதுதான்ணே, சமைக்கிற கை என்னுது. சக்கரை போட்டா ஜாம் ஆயிடும்!"

"ஜாமா? என் சக்கலக்காவை ஜாம்னா சொல்றான்?"

"அவங்களுதைச் சொல்லலண்ணே, இதைச் சொல்றேன்!"

இரண்டு பேரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், ஆனால் நான் வாய் திறக்க இடமே கொடுக்கவில்லை. சர்க்கரை டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு மாகுபேகா எழுந்து வந்தேவிட்டார். ஒரே சமையல்கட்டில் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு முகம் நிற்கிறார்கள். இந்த ரகளையில் கேட்டைத் திறந்துகொண்டு பாட்டோடு வந்தவர்கள் சத்தம் மூன்று பேர் காதிலும் விழவில்லை.

டேவிடனில் முன்வாசல் வழியாக யார் வருகிறார்கள்? சமையல்கட்டுக் கதவு திறந்தது. சங்கச் சீருடையான சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக மாசிபிசி முன்னால் நின்றார், பின்னால் சங்கம் முழுக்க. பாட்டு நடுவில் அறுந்தது.

வேலாபி லிந்திவேயின் பூப்போட்ட ஏப்ரனில் நின்றுகொண்டிருந்தான். வேறு எதுவும் கிடைக்காமல் பானை மூடியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

"யேசுவே!" என்றார் மாசிபிசி. "மாகுபேகா, உன் அடுப்புல நிக்கிற இந்த ஆம்பளை யாரு?"

செத்தோம் என்று நினைத்தேன். மாகுபேகா மாசிபிசியைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். மூடிக்கு மேலே தெரிந்த அந்தப் பெரிய தலையைப் பார்த்தார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? என் மருமகன். என் வாயைத் திறக்க வந்திருக்கான்."

"என்ன கொண்டாந்தான்? கம்பளியா?"

"கம்பளியை நீ வச்சுக்கோ. அதோ, பானை."

"சக்கலக்கா குடுத்து மாமியார் வாயைத் திறந்தவனை நான் எங்கயும் கேள்விப்பட்டதில்லையே!"

"இப்பக் கேட்டுட்டே இல்ல. வழி விடு."

அடுப்பருகே போனார். அத்தனை பேர் பார்க்க, கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது.

"வேலாபி."

அவன் மூடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்கறே? ஸ்வானே மூஞ்சியில என்ன இருக்கு? இங்க பாரு."

மூடி மெதுவாக இறங்கியது. வெல்டிங் பொறிக்குக் கண் சிமிட்டாதவன், கண் கலங்கி நின்றான். மிளகாய்தான் என்று பிறகு சொன்னான்.

"சக்கரை போடலையே நீ?"

"போடலம்மா."

"நல்லதாப் போச்சு" என்று டப்பாவை அலமாரியில் திணித்தார்.

குலவைச் சத்தம் கூரையைத் தூக்கியது! லிந்திவே குமட்டலை மறந்து ஓடி வந்தாள். அப்புறம் அங்கே ஜெபம் முதலா சாப்பாடு முதலா என்று யாரும் கேட்கவில்லை. களியைக் கிள்ளிச் சக்கலக்காவில் புரட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டே சாப்பிட்டார்கள். மாசிபிசி மூன்றாம் தட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த மாசம் மறுபடி எங்க வீட்டுலயே வச்சுக்கலாம்னு இருக்கேன். அந்தப் பையனை ஒரு நாளைக்கு அனுப்பேன்."

"உனக்குத்தான் ரெண்டு மருமகன் இருக்கானுங்களே. போய் அவனுங்ககிட்ட வாயைத் திற."

சிரிப்பு அடங்குவதற்குள் சமையல்கட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. மீதியை மூடி வைக்கணும் என்று அவர், சூட்டோடு மூடினால் புளிச்சுடும்மா என்று அவன். நிலைப்படியில் போய் நின்றேன். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கோழிகளுக்கு நடுவில் நின்று நன்றாகச் சாப்பிட்டேன்.