மத்தியானத்துக்குள் வற்றிய தாங்கி

இன்று வீட்டு ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் திறந்தபோது எழுந்த துருவும் பாசியும் கலந்த மணம், எப்போதோ இடிக்கப்பட்டுவிட்ட கொழும்பு வெள்ளவத்தையில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

யுத்த காலம். மூன்று குடித்தனங்களுக்கு ஒரே தண்ணீர்த் தாங்கி. காலையில் நிரம்புவது மத்தியானத்துக்குள் வற்றிவிடும் என்பதால், வாளிச் சத்தம் கேட்டாலே யாராவது கதவிடுக்கால் பார்ப்பார்கள். எல்லோருடைய சந்தேகமும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலிருந்து தனியாக வந்து பின்னறையில் தங்கியிருந்த ரஜனி அக்காவின்மேல் விழுந்தது.

"ஒரு ஆளுக்கு இவ்வளவு தண்ணியோ? உள்ளுக்கு வேற ஆக்களை வச்சிருக்கிறாளோ தெரியாது" என்று வீட்டுக்கார அன்ரி அம்மாவிடம் கிசுகிசுத்தார். அதைக் கேட்ட நானும் அக்காவின் கதவுக்குக் கீழே குனிந்து கால்களை எண்ணினேன். இரண்டுதான் இருந்தன.

ஒருநாள் அக்கா, துணிக்குப் போடும் நீலத்தைப் பொதுக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்குள் கரைத்துவிட்டு, ஒருவரையும் உள்ளே விடாமல் வாசலில் நின்றார். அரை மணித்தியாலத்தில், யாரும் இழுக்காமலே, கொமட்டுக்குள் நீலம் இறங்கியிருந்தது.

"இஞ்ச பாருங்கோ அன்ரி, நாள் முழுக்க ஒழுகுது. உள்ளுக்கு இருக்கிற றப்பர் வாசர் தேஞ்சு போச்சு."

அவரே புது வாசர் வாங்கிப் போட்டார். அன்று பின்னேரமும் தாங்கியில் தண்ணீர் நின்றது.

ஆனால் பின்னறையில் யாரோ ஒளிந்திருப்பதாக அன்ரி அன்று காலையிலேயே பொலிசில் சொல்லியிருந்தார். ஜீப்பில் வந்தவர்கள் அறையைக் கிளறினார்கள். வேறு எவரும் அகப்படாததால் அக்காவையே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார்.

"தண்ணி நிறையக் கிடக்கு, முழுகிப்போட்டு வா பிள்ளை" என்றார் அம்மா.

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல், படியிறங்கிப் போனார்.