பக்கத்து இருக்கையின் பிரேக்

என் தங்கை கணவர் ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் பாதிப் பேரும் அவரை நேரில் மாஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பிரேக் மாஸ்டர் என்பார்கள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் எதன் மேலாவது ஏற்றப் போனால் மிதிப்பதற்காக வைத்தது. மாப்பிள்ளையோ, ஏற்றிவிடுவாரோ என்று தோன்றினாலே மிதித்துவிடுவார். அவருக்கு எப்போதும் தோன்றும். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் மிதிப்பார். நாய் எழுந்து போய்விட்டால், திரும்பி வந்தால் என்ன செய்வது என்று மிதிப்பார்.

இதனால் எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டுகிறவர் அவர் ஒருவர்தான். நான் அவரிடம் கற்கப் போய் மூன்றாம் நாளே கழுத்துச் சுளுக்கோடு வந்து படுத்தேன். தங்கை கல்யாணமான புதிதில் விடாமல் கற்றாள். கிளச்சும் கியரும் அவளுக்கு நன்றாகவே பிடிபட்டன, வண்டிதான் நகரவில்லை. ஒருநாள் நடுச்சாலையில் வண்டியை அணைத்து, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, விடுவிடுவென்று நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அது ஒன்றும் அடங்காத நோய் இல்லை, வேளாவேளைக்கு மருந்து போட்டால் தன்பாட்டுக்குக் கிடக்கும். அடங்காதது அவருடைய பயம். மூச்சைப் பிடிக்கும் அந்தப் புதுக் காய்ச்சல் ஊருக்குள் வந்ததும் இரண்டும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று டிவியில் சொன்ன அன்று, தன் பெயரையே வாசித்துவிட்டது போல எழுந்து நின்றார்.

அவரிடம் மருந்தை வாயில் வைத்து இழுக்கும் பம்புகள் இரண்டு உண்டு. பழுப்பு நிறப் பம்பு தினமும் காலையும் மாலையும் இழுப்பதற்கு, நோய் வராமல் காப்பது. நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். இவ்வளவுதான் விஷயம், பள்ளிப்பிள்ளைக்கும் புரியும். ஆனால் மரக்கடை வைத்திருக்கும் அவருடைய பெரியப்பா மகன், பழுப்பு மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அந்த மனிதர் மரத்தைப் பற்றிக் கேட்டால்கூட யோசித்துத்தான் பதில் சொல்வார். நுரையீரலைப் பற்றி யோசிக்காமல் சொன்னார். மாப்பிள்ளை பழுப்பை நிறுத்திவிட்டார். நிறுத்தவே கூடாது என்று அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா போனில் படித்துப்படித்துச் சொன்னார். இவர் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தார்.

நீலத்துக்கு மட்டும் வேலை கூடிப்போனது. செய்தி பார்த்தால் ஒரு அழுத்து. அழைப்பு மணி அடித்தால் ஒரு அழுத்து. பால்காரர் தும்மினால் இரண்டு. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, மோதிரம் மாதிரி அதைப் போட்டுக்கொண்டே திரிந்தார். அதில் எண் ஒன்று குறைந்தால் அவர் முகத்தில் ரத்தம் சுண்டிவிடும். தன் விரல் அலுத்தால் என் விரலில் மாட்டிப் பார்ப்பார். "மச்சான், உங்களுக்கு எப்படி இவ்வளவு நல்லா இருக்கு?" என்று ஏதோ நான் திருடிக்கொண்டு வந்த மாதிரி கேட்பார்.

இருமல்தான் பெரிய தலைவலி. எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருந்தார். பதவி போன துக்கத்தில் இருந்தவர், காய்ச்சல் வந்ததும் தெருவின் சுகாதாரத் துறையைத் தானே எடுத்துக்கொண்டார். எந்த வீட்டில் இருமல் கேட்டாலும் நகராட்சிக்குப் போன் போடுவார். அவர்கள் வந்து, யாரும் வெளியே வரக் கூடாது என்று கேட்டில் நாடா கட்டிவிட்டுப் போவார்கள். ஆஸ்துமா இருமல் வேறு, காய்ச்சல் இருமல் வேறு என்றெல்லாம் அவரிடம் பேசிப் பயனில்லை. அதனால் தங்கை ஒரு ஏற்பாடு செய்தாள். மாப்பிள்ளைக்கு இருமல் வரும்போது கையைத் தூக்குவார், இவள் ஓடிப்போய்க் காலி மிக்ஸியைப் போடுவாள். அந்தச் சத்தத்துக்குள் அவர் இருமித் தீர்ப்பார். இந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் அப்படி என்னதான் அரைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டம்மா என்னிடமே விசாரித்தார்.

பயிற்சிப் பள்ளியை மூடியிருந்தார்கள். பள்ளியின் கார் இவர் வீட்டு வாசலில் தூங்கியது. சும்மா இருக்க முடியாமல் மாப்பிள்ளை போனில் வீடியோ வகுப்பு எடுத்தார். கையில் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கிளச்சைப் பாதி விடு, கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு என்று கத்துவார். தட்டு ஓட்டும்போதும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். தங்கை அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு வழி?

ஒருநாள் காலையில் நான் அங்கே போயிருந்தபோது, எதிர்வீட்டு அதிகாரி தெருவில் காய்ந்த சருகையெல்லாம் குவித்துத் தீ வைத்தார். புகை போட்டால் கிருமி செத்துவிடுமாம். கிருமி செத்ததோ இல்லையோ, புகை நேராக இவர்கள் ஜன்னலுக்குள் வந்தது. மாப்பிள்ளை கையைத் தூக்கினார். தங்கை மிக்ஸியைப் போட்டாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். நிறுத்தியபிறகு பார்த்தால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை மேஜை விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. வாய் திறந்திருந்தது, இருமல் வரவில்லை. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

நீலப் பம்பை அழுத்தினார். புஸ் என்று வந்தது. மறுபடி அழுத்தினார், அதே புஸ். நான் வாங்கிக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே மருந்தே இல்லை, வெறும் காற்று. அத்தனையையும் பயத்துக்கு அடித்துத் தீர்த்துவிட்டு, மூச்சுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை மனுஷன். விரல் கருவி அலமாரியில் கிடந்தது. அன்றைக்கு அதை மாட்டிப் பார்க்க அவருக்கே தோன்றவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். எதற்குக் காத்திருப்பது? தங்கை ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். "அண்ணா, அவரைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

பின்சீட்டில் படுக்கவைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். மாப்பிள்ளை என் கையை உதறிவிட்டு, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், முன்னால் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். தங்கை வண்டியைக் கிளப்பினாள், அழகாகத்தான் கிளப்பினாள். தெருவைத் தாண்டுவதற்குள் நின்றது. மறுபடி கிளப்பினாள், திருப்பத்தில் நின்றது. பெரிய சாலையில் ஈ காக்கை இல்லை, அங்கேயும் நின்றது. மூச்சு விட வழியில்லாத ஆள், கால் மட்டும் பிரேக்கை விடவில்லை.

தங்கை அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எனக்கு ஓட்டத் தெரியும். காலை எடுங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"இப்படியே மிதிச்சுட்டு இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமாட்டோம். நீங்க செத்துப்போயிடுவீங்க. நீங்க இல்லாம என்னால இருக்க முடியாதுங்க. காலை எடுங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை அவளையே பார்த்தார். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். கீழே இருந்தால் தன் கால் தன் பேச்சைக் கேட்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வண்டி பறந்தது. ஒரு திருப்பத்தில் இண்டிகேட்டரைக் காட்டி விரலை நீட்டினார். அவள் அதை ஏற்கெனவே போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டி, இருமல் உண்டா என்று கேட்டார்.

"இருமவே முடியலைங்க, அதான் கொண்டுவந்திருக்கேன்" என்றாள் தங்கை.

உள்ளே முகமூடி மாட்டி மருந்தைப் புகையாகக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். நானும் அவளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். எங்களை உள்ளே விட்டபோது உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மாப்பிள்ளை முகமூடியை விலக்கி முதல் வார்த்தை பேசினார்.

"ரெண்டாவது கியர்ல இருந்து நேரா நாலாவதுக்குப் போயிட்ட."

தங்கை சிரித்தாள். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

பரிசோதனையில் அந்தக் காய்ச்சல் இல்லை என்று வந்தது. டாக்டரம்மா நேரில் வந்து ஒரு பாட்டம் திட்டினார். உடம்பு நன்றாக இருந்தாலும் பழுப்பை விடக் கூடாது, மூச்சு முட்டும்போது மட்டும் நீலம் என்றார். "பயம் வந்தா பம்பைத் தேடாதீங்க. உட்கார்ந்து மூச்சை மெதுவா வெளிய விட்டுப் பாருங்க. அப்பவும் இழுத்தா பம்பு" என்றார். இந்தத் தடவை சரிங்க என்று சொன்னவள் தங்கை. எதிர்வீட்டு அதிகாரியையும் அவளே பார்த்துக்கொண்டாள். இன்னொரு தடவை புகை போட்டால் இவரைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் உட்காரவைத்து இரும விடுவேன் என்று கேட்டில் நின்றபடி சொன்னாள். அன்றோடு அவர் பதவியிலிருந்து இரண்டாம் முறை ஓய்வு பெற்றார். மிக்ஸியும் ஓய்ந்தது.

பள்ளி திறப்பதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வண்டியை எடுத்தாள். மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் சொல்லாமலே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. மாப்பிள்ளையின் முழங்கால் துள்ளியது. தங்கை தானே பிரேக் போட்டாள், நாய் போனது, வண்டி கிளம்பியது. அவர் கை சட்டைப்பையிலிருந்த நீலப் பம்பைத் தொட்டுவிட்டு, எடுக்காமல் திரும்பி வந்தது. மூச்சை மெதுவாக வெளியே விட்டார்.

"கால் மரத்துப்போச்சு. கீழ வச்சுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வச்சுக்குங்க" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடியே.

அவர் கால்களைக் கீழே இறக்கினார். நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். பிரேக்கைத் தொடாமல், பக்கத்தில் வைத்திருந்தார்.