வெள்ளிக் கடையில் ஒரு பேச்சு

வைன் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டும் ஓசை. டென்மார்க்கில் விருந்தொன்றில் யாராவது அப்படித் தட்டினால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். வாழ்த்துரை வரப்போகிறது என்று அர்த்தம். ரண்டர்ஸ் நகரத்துப் பழைய வெள்ளிக் கடையொன்றின் ஆண்டு நிறைவு விழாவில் அன்று தட்டியவர் எங்கள் தலைமைத் தாதி. அவர் வாழ்த்த வரவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில், அகதியாக வந்த புதிதில், முதியோர் இல்லத்தில் அவருக்குக் கீழே வேலை செய்தேன். அதிகம் சிரிக்காத பெண்மணி. அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் கடையில்தான் தொழில் பழகினார். வெள்ளித் தட்டு ஒன்று காணாமற்போக, முதலாளி அவரைத் திருடன் என்று துரத்திவிட்டார். அந்தப் பெயர் அவரோடு போகவில்லை. தாதி சிறுமியாக இருந்தபோது வகுப்பில் ஒரு பென்சில் தொலைந்தால்கூட ஆசிரியை முதலில் இவருடைய பையைத்தான் கொட்டிப் பார்ப்பாராம். அவருடைய தந்தை சாகும்வரை அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

தந்தையை அடக்கம் செய்த பிறகு, தாதி தன் விடுமுறைகளையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் கழித்தார். வெள்ளிவேலைக்காரர் சங்கத்தின் பழைய பதிவேடுகளில், யார் யாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்கள், ஏன் விலகினார்கள் என்று வரிவரியாகத் தேடினார். கொள்ளுத்தாத்தா சேர்ந்ததும் நீக்கப்பட்டதும் இருந்தன. சில பக்கங்கள் தள்ளி, தட்டை எடுத்தது முதலாளியின் சொந்த மகன் என்றும் எழுதியிருந்தது. சங்கத்துப் பெரியவர்கள் அபராதத்தை வாங்கிக்கொண்டு, வெளியே சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள்.

"வாயை மூடிக்கொள்வதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்," என்றார் என்னிடம். "விழாவுக்கு நீயும் வா. என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்."

என் கணவருக்கு அது பிடிக்கவில்லை.

"செத்துப்போன ஆக்களின்ரை சண்டை. உமக்கேன் உது? எங்கடை வீட்டை எரிச்சவங்களையே நாங்கள் மறக்கப் பாக்கிறம்."

"நீங்கள் பாக்கிறியள். நான் பாக்கேல்லை," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கூட்டம் அமைதியானதும் தாதி அந்தப் பதிவின் நகலை உரக்க வாசித்தார். கடைக்காரர் அந்த முதலாளியின் வழிவந்தவர். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே இது. தாத்தா வேடிக்கையாகச் சொல்லுவார்."

"அப்படியானால், என் அப்பா உயிரோடு இருந்தபோதே உங்களுக்குத் தெரியும்," என்றார் தாதி.

கடைக்காரரின் முகம் வெளிறியது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. விருந்தினர்கள் கிண்ணங்களை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அடுத்த வாரம் கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுத் தாதிக்குப் பூங்கொத்து அனுப்பினார். குப்பையில் போடும்படி தாதி அதை என்னிடம் தந்தார். மனநிறைவோடு போட்டேன். அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அவர் அந்தக் கடை வாசல் வழியாகவே வேலைக்கு வந்தார். சுற்றுவழிதான்.

எண்பத்துமூன்று கலவரத்தில், கொழும்பில் கும்பலுக்கு எங்கள் வீட்டைக் கைநீட்டிக் காட்டியவன் எங்கள் அயல்வீட்டுக்காரன். மறந்துவிடு என்று சொல்லிச் சொல்லியே என் கணவர் போய்ச் சேர்ந்தார். அண்மையில் மகளை உட்காரவைத்து அந்த ஆளின் முழுப் பெயரையும் ஊரையும் சொன்னேன்.

"இது எனக்கு எதற்கு?" என்று டேனிஷில் கேட்டாள்.

"அவன்ரை பேரப்பிள்ளையள் ஒருநாள் இதை வேடிக்கையாச் சொல்லுவினம்," என்றேன். "அப்ப நீ அங்கை நிக்கவேணும்."