டிஸ்க் மேல் வைத்த சந்தனம்

என் அப்பா விஜயகுமார் உத்தமபாளையத்தில் இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறார். முதலில் எல்லாம் கேசட்தான். மழைக்காலத்தில் அதில் பூசணம் பிடிக்கும். 2003-ல் மதுரையில் நாற்பது ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கினார். பஸ் குலுங்குகிறதென்று வழி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

"அத்தனை கல்யாணமும் இந்தச் செங்கலுக்குள்ள" என்று கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவார். கேசட்டில் இருந்ததை அதில் ஏற்றிவிட்டு, அதே கேசட்டில் அடுத்த கல்யாணத்தை எடுத்தார். இன்று என் போனிலிருக்கும் நகத்தளவு கார்டு அதைவிட மூன்று மடங்கு கொள்ளும். ஆனாலும் அப்பா இன்னொரு நகல் எடுக்கவில்லை. "ஓடுறத ஏன் தொடணும்?"

இந்த ஆயுதபூஜைக்குக் கம்ப்யூட்டரைக் கழற்றித் துடைத்து, டிஸ்குக்கும் சந்தனம் வைத்தார். அதில் காற்று போய்வர ஊசித்துளை ஒன்று உண்டு. பக்கத்தில் 'மூடாதே' என்று ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருக்கும். நான் படித்திருக்கிறேன். சந்தனம் சரியாக அதன் மேல் விழுந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற நான் வாயைத் திறந்தால், "வந்துட்டாக இன்ஜினியர்" என்பார். பேசாமல் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் டிஸ்க் கடக் கடக் என்றது. மதுரையில் பிரித்துப் பார்த்தவர், சந்தனம் உள்ளே இறங்கி, பதிவு இருக்கும் சுழல்தட்டையே கீறிவிட்டது, ஒன்றும் தேறாது என்றார்.

அந்த வாரமே அனுமந்தன்பட்டி ராக்கம்மாள் வந்தார். அவர் கணவர் தங்கப்பாண்டியன் போன வருடம் இறந்துவிட்டார். அப்பா எடுத்த அவர்கள் கல்யாண வீடியோவில் தங்கப்பாண்டியனே பாடியிருப்பார். வீட்டிலிருந்த கேசட் பூசணம் பிடித்துப் போயிருந்தது.

"மக கல்யாணத்துல அவுக சத்தம் கேக்கணும், தம்பி."

"மின்னல் அடிச்சு டிஸ்க் போயிருச்சுக்கா" என்றார் அப்பா. என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

ராக்கம்மாள் கடை வாசல் வரை போய்த் திரும்பினார். பிறகு, "மின்னலுக்கு நீங்க என்ன செய்வீக? விசனப்படாதீக" என்று அப்பாவையே தேற்றிவிட்டுப் போனார்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் அனுமந்தன்பட்டிக்குப் போனோம். வாசலில் நின்றே அப்பா எல்லாவற்றையும் சொன்னார். அந்தத் துளையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நானும் சொன்னேன்.

ராக்கம்மாள் உட்காரச் சொல்லவில்லை.

"சந்தனம் வச்சது தப்பில்ல. நேத்து நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டு வந்தேன் பாருங்க, அதத்தான் தாங்க முடியல. மக கல்யாணத்துக்கு வேற ஆளு பாத்துக்கிறோம்."

அப்பா "சரிக்கா" என்றார். பஸ் வரும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.